திருப்பிக் கொடுக்காத கணிதப் புத்தகம்

மார்கழி 27, சனி

இன்று விடுமுறையிலும் பள்ளிக்கூடத்தைத் திறந்து பழைய பாடப் புத்தகங்களைத் திருப்பி எடுத்தார்கள். வருகிற வருசம் முதல் நாளே எல்லாப் பிள்ளைகளிடமும் புத்தகம் இருக்கவேண்டும் என்று கல்வி வலய அலுவலகம் சொல்லியிருக்கிறதாம். என் மகள் நிலா ஐப்பசியில் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுடைய ஆறாம் ஆண்டுப் புத்தகங்களை நான்தான் கொண்டுபோனேன்.

ரீச்சர் எண்ணிப் பார்த்தா. "கணிதம் எங்கையக்கா?"

"மழையிலை நனைஞ்சு போச்சு ரீச்சர்," என்று பொய் சொன்னேன்.

பக்கத்து வீட்டுச் செல்வியின் மகளுக்குத்தான் நிலாவின் புத்தகங்கள் போயின. அவள் ஒன்றைத் திறந்து, "அம்மா, இஞ்சை பாருங்கோ, நிலாக்கா தவளைப் படத்துக்கு மீசை கீறியிருக்கிறா!" என்று சிரித்தாள்.

"பேசாமல் இரடி," என்று செல்வி அவளைக் கிள்ளினாள்.

"சிரிக்கட்டும், விடு செல்வி," என்றேன்.

பிறகு அந்தப் பிள்ளை, "எனக்குக் கணிதம் இல்லையோ ரீச்சர்?" என்று கேட்டது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கணிதப் புத்தகம் இப்போது என் மடியில் இருக்கிறது. முன்பக்கத்தில், முந்திப் படித்த இரண்டு பிள்ளைகளின் பெயர்களுக்குக் கீழே நிலாவின் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு பெயருக்கு இடம் இருக்கிறது. நாளைக்குச் செல்வி வீட்டில் கொடுத்துவிடுவேன். உறை நிலா போட்டது. அதை மட்டும் நான் வைத்துக்கொள்ளப் போகிறேன். நல்லாய்ப் பசை பூசி ஒட்டியிருக்கிறாள். கிழியாமல் கழற்றப் பார்க்கிறேன்.