சிங்கம் பார்க்கப் போன நைனா

திருத்தணி,
சர்வதாரி வருஷம், கார்த்திகை மாதம்.

சிரஞ்சீவி சடகோபனுக்கு உன் நைனா வீராசாமி எழுதிக்கொண்டது. தணிகை மலையான் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நலம். நைரோபியில் நீயும் மருமகள் கமலாவும் சுகமாக இருக்க வேண்டும், அவள் வயிற்றுப் பிள்ளை ஒரு குறையும் இல்லாமல் பூமிக்கு வர வேண்டும் என்று மலையேறிக் கும்பிட்டுவிட்டு, அடிவாரத்துத் தபாலாபீசில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வீட்டில் எழுதினால் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு படித்துக் காட்டு என்பாள். இது அவளுக்குப் படித்துக் காட்டுகிற கடிதம் இல்லை.

உன் கடிதம் கிடைத்தது. தை மாதம் கமலாவுக்குப் பிரசவம், அம்மாவை அனுப்பி வையுங்கள், பம்பாயில் கப்பலுக்குச் சீட்டு எடுத்தாயிற்று, அரக்கோணத்து ரயில்வே நாகேந்திரன் குடும்பத்தோடு அதே கப்பலில் வருகிறார், அவர் கூட்டி வருவார் என்றெல்லாம் எழுதியிருந்தாய். நான் நைரோபிக்கு உன்னிடம் வந்துவிட்டு ஊர் திரும்பி இத்தனை மாதமாகியும் ஒரு வரி போடவில்லையே, உடம்புக்கு என்ன என்றும் கேட்டிருந்தாய். என் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. அவளை அனுப்ப முடியாது என்று கார்டு எழுதிக்கொண்டு இரண்டு தடவை இங்கே வந்தேன். இரண்டு தடவையும் கிழித்துப் போட்டுவிட்டுப் போனேன். இன்றைக்கு எதையாவது ஒன்றைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போவது என்று வந்திருக்கிறேன்.

ஊர்ச் சேதி கேட்டிருந்தாய். ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கொல்லையில் போட்ட வேர்க்கடலை பாதிக்கு மேல் சொத்தை. மயிலைப் பசு கிடேரிக் கன்று ஈன்றிருக்கிறது. பக்கத்து நிலத்து முனியன் என்னை எங்கே பார்த்தாலும், கனகம்மாசத்திரம் பஸ்ஸுக்கு நிற்கிற ஜனமெல்லாம் கேட்கும்படி, என்ன மாமா சிங்கம் பார்த்தாயா என்று ஆரம்பித்துவிடுகிறான். ஆங், பார்த்தேன் என்று சொல்கிறேன். என்ன பார்த்தேன் என்று எனக்கல்லவா தெரியும். தின்றது செரிக்காமல் மல்லாந்து கிடந்தது அந்தச் சிங்கம். மூஞ்சி பூராவும் ஈ. அதைக்கூட மோட்டாரை விட்டு இறங்காமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே சுட்டுவிட்டு, பிறகு இறங்கிப்போய் அதன் மேல் காலை வைத்துப் படம் பிடித்துக்கொண்டான் உன் துரை. தூ! அதுவும் ஒரு வீரமா?

உன் துரை வேட்டைக்குப் போட்ட, நீ என்னையும் கூட்டிப்போன அந்த முகாமை நினைத்தால் இன்னும் எனக்குச் சோறு இறங்க மறுக்கிறது, சடகோபா. இரண்டு நாள் லாரியில் இடுப்பெலும்பு கழன்று, மனுஷ வாடையே இல்லாத காட்டில் போய் இறங்கினால், அங்கே கம்பளம் விரித்த கூடாரம்! கட்டில், மெத்தை, நிலைக்கண்ணாடி, பாட்டுப் பெட்டி, பெட்டி பெட்டியாகப் பனிக்கட்டி. காட்டைப் பார்க்க வந்தவனுக்குக் கண்ணாடி எதற்கு? தன் மூஞ்சியைத்தான் பார்க்க வேண்டுமென்றால் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாமே.

குளிக்கத் தொட்டி வைத்திருந்தார்களே, அந்தக் கண்றாவியைச் சொல். ஓடை எங்கேயோ கிடக்கிறது. அங்கிருந்து அந்த ஊர்க்காரர்கள் தலையில் சுமந்து வந்து, சுடவைத்து, தொட்டியை நிரப்புகிறார்கள். துரையின் சம்சாரம் அதில் ஏறி உட்கார்ந்து, தன் அழுக்கிலேயே தான் ஊறி, அந்தத் தண்ணீரிலேயே மூஞ்சியையும் கழுவிக்கொண்டு எழுந்து வருகிறாள். நம் எருமைக்குக்கூடக் குட்டையிலிருந்து ஏறி வந்தால் நாலு வாளி நல்ல தண்ணீர் மேலே ஊற்ற வேண்டும். அப்புறம் அந்த நாற்காலிக் கக்கூஸ். எழுதவே கை கூசுகிறது. தண்ணீரைத்தான் தொட்டி தொட்டியாகக் கொட்டுகிறீர்களே, அங்கே மட்டும் ஒரு செம்பு வைக்கக் கூடாதா? காகிதமாம்! காகிதம் காலில் பட்டாலே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனம் நாம். சரஸ்வதியை அவர்கள் எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் பார்.

நாமும் கறி தின்கிறவர்கள்தான், நான் ஒன்றும் வைகுண்டத்திலிருந்து குதித்தவன் இல்லை. ஆடு ஒன்று வெட்டினால் குடல் ரத்தம் வரைக்கும் வீணாக்காமல் பங்கு போட்டுக்கொள்வோம். அவர்கள் என்னடாவென்றால் ஒரு வரிக்குதிரையைச் சுட்டு, சிங்கம் வருவதற்காக மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். அது புழுத்து நாறுகிறது. இவர்கள் சென்ட் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு சூப்பு குடிக்கிறார்கள். மிச்சமான கறியையெல்லாம் குழியில் கொட்டி, தண்ணீர் சுமந்த ஆட்கள் எடுத்துத் தின்றுவிடக் கூடாதென்று மேலே மண்ணெண்ணெய் ஊற்றினார்களே, அதை நீயும்தான் பார்த்தாய். யானைக் காலை வெட்டிக் குடைந்து அதில் சுருட்டுச் சாம்பலைத் தட்டினார்கள். பிள்ளையாருக்குத் தம்பி குடியிருக்கிற ஊரிலிருந்து போனவன் நான், என் கண்ணில் அது பட வேண்டுமா?

இதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவேன். கேட்கிறவர்களுக்குச் சொல்லிச் சிரிப்புக் காட்டவும் செய்வேன். ஆனால் அம்மாவை அனுப்ப யோசித்தது தொட்டிக்காகவும் இல்லை, காகிதத்துக்காகவும் இல்லை.

லாரியை விட்டு இறங்கியதும் நீ வழக்கம்போல, நைனா, இப்படி நிழலில் வந்து நில்லுங்கள் என்று கூப்பிட்டாய். துரையின் சம்சாரம் என் வேட்டியையும் தலைப்பாகையையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு உன்னிடம் ஏதோ கேட்டாள். அதில் நைனா என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு சிரித்துக்கொண்டே எஸ் மேடம் என்றாய். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் எஸ் என்றால் என்னவென்று அரக்கோணம் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவனுக்குக்கூடத் தெரியும். என் பையன் என்னை அப்பா என்று சொல்லி அறிமுகம் செய்துவைக்கிறான் என்று நினைத்து, அந்த அம்மாளுக்கு ஒரு கும்பிடு போட்டேன். அவள் கையிலிருந்த குடையை என்னிடம் நீட்டினாள். மரியாதை செய்கிறாள் போலிருக்கிறது என்று அதையும் வாங்கிக்கொண்டேன்!

கூடாரத்துக்குப் பின்னால் கூட்டிப்போய் நீ மெதுவாகச் சொன்ன பிறகுதான் விளங்கிற்று. நைனா என்பது உன் வேலைக்காரனின் பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டாளாம். அப்பா என்று சொன்னால் இங்கே தங்க விடமாட்டார்களாம். துரை உன்னை மேனேஜர் ஆக்கப் போகிற நேரமாம். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளச் சொன்னாய். சரி, பிள்ளை முன்னுக்கு வருகிறான், நம்மால் கெட வேண்டாம் என்று அவர்கள் கொடுத்த வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டேன்.

முதல் நாள் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. லண்டனிலிருந்து வந்த கிழவன் ஒருவன், என்னைவிடப் பத்து வயசு மூத்தவன், அவன் நைனா சோடா என்கிறான். துரை நைனா பூட்ஸ் என்கிறான். துரைசானி நைனா, நைனா என்று வாய் ஓயாமல் கூப்பிடுகிறாள். அங்கே சமையற்காரர் ஒருவர் இருந்தாரே, மொம்பாசாக்காரர், அவருக்குக் கொஞ்சம் இந்துஸ்தானி தெரியும். வேலூர்ச் சந்தையில் மாடு பேரம் பேசிப் பழகிய என் அரைகுறை இந்துஸ்தானியை வைத்துக்கொண்டு, நைனா என்றால் எங்கள் ஊரில் அப்பா என்று அவருக்குச் சொன்னேன். மனுஷர் அடுப்பங்கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெள்ளைக்காரர்கள் கூப்பிடும்போதெல்லாம், உன் பிள்ளை கூப்பிடுகிறான் போ என்று என்னைக் கேலி செய்தார்.

யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். அந்தக் காட்டில் என்னை நைனா என்று கூப்பிடாதவன் நீ ஒருவன்தான்.

நீ கூப்பிட்டால் அது அப்பாவைக் கூப்பிடுகிற குரலாகவே வந்து, எங்கே குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று உனக்குப் பயம். முதலில் கைதட்டிக் கூப்பிட்டாய். பிறகு மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜையில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தின்று மிச்சம் வைத்த தட்டை என் பக்கம் தள்ளினாய். தள்ளிவிட்டுச் சொன்னாய்:

"எடுத்துகினு போ, வீராசாமி."

உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. தாலுக்கா ஆபீசில் புருஷன் பெயர் என்ன என்று கேட்டால், பக்கத்தில் நிற்கிறவர்களைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள் என்பாள். அந்தப் பெயரை நீ சோடா கேட்கிற மாதிரி சொல்லிக் கூப்பிட்டாய்.

எச்சில் தட்டை எடுத்தது பெரிதில்லை. நீ சின்னப் பிள்ளையாய் மென்று துப்பிய சோற்றைக் கீழே போடாமல் நான் தின்றிருக்கிறேன். உனக்கு வைசூரி கண்டபோது உன் புண்ணைத் துடைத்த வேப்பிலையை என் கையால் வாரிக் கொட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சமும் அருவருப்பு வந்ததில்லை. அன்றைக்கு வந்தது. யார் மேல் வந்தது என்று இன்று வரைக்கும் யோசிக்கிறேன். உன் மேல் என்று எழுத மனசு வரவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு நின்ற என் மேலும்தான் வந்தது.

தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். சமையற்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நிஜமாகவே நீ அங்கே யாருக்காவது அப்பாவா என்று கேட்டார். மோவாயால் உன்னைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் அவரே கழுவினார். அதற்கப்புறம் கிளம்புகிற வரைக்கும், எனக்குக் காய்ச்சல் என்று துரையிடம் சொல்லிவிட்டு, மேஜைப் பக்கமே என்னை விடவில்லை. அதனால்தான் அப்புறம் நான் உன் கண்ணில் படவில்லை. உனக்கும் அது சௌகரியமாக இருந்திருக்கும்.

இவ்வளவும் உன் அம்மாவுக்குத் தெரியாது. துரை பக்கத்தில் நாற்காலி போட்டு உன் பிள்ளை என்னை உட்கார வைத்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் அதை ஊர் பூராவும் சொல்லிவிட்டாள். மலைக்கு வருகிறவர்கள் போகிறவர்களிடம்கூடச் சொல்கிறாள். பொய் சொன்னதற்கு எனக்கு வருத்தம் இல்லை.

அவள் அனுப்பச் சொல்லி என்னைக் கெஞ்சவில்லை. நான் முடியாது என்பேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பிரசவ மருந்துக்குச் சுக்கும் திப்பிலியும் இடித்து ஜாடியில் போட்டுவிட்டாள். கப்பலில் வெறுங்காலோடு போனால் உனக்குக் கௌரவக் குறைச்சல் என்று, பிறந்தது முதல் செருப்பு போடாதவள் திருத்தணிக் கடையில் ஒரு ஜோடி வாங்கி, மாட்டுக் கொட்டகைக்கும் கிணற்றடிக்குமாக நடந்து பழகிக்கொண்டிருக்கிறாள். இரண்டு காலும் புண்ணாகிவிட்டது. சொன்னால் கேட்கிறாளா?

உன் வீட்டுக்கு அந்தத் துரையும் துரைசானியும் வந்து போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். கதவு திறக்கும்போது இடுப்பில் உன் குழந்தையை வைத்துக்கொண்டு, நம் ஊர்ப் புடவைக் கட்டோடு நிற்கிற ஒரு கிழவியைப் பார்த்து இது யார் என்று அவர்கள் கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் இரண்டு கார்டைக் கிழித்தேன். என்னை மாதிரி அவளால் ஊருக்கு வந்து சிங்கக் கதை சொல்லிக்கொண்டு திரிய முடியாது. அவள் செத்துப்போவாள், சடகோபா.

இருந்தாலும் அனுப்புகிறேன். பெற்றவளைப் பிள்ளையிடமிருந்து தடுத்து வைக்க நான் யார்? அடுத்த வாரம் அரக்கோணத்தில் பம்பாய் மெயில் ஏற்றிவிடுவேன். நான் வரவில்லை. பசுவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நீ மொம்பாசாவுக்கே வந்து அவளை இறக்கிக்கொள். அவள் காரம் தின்ன மாட்டாள், கண் எரிச்சல் இருக்கிறது. கமலாவை அதிகம் குனிய விடாதே. வெயில் படாமல் வைத்துக்கொள். தலைச்சன் பிள்ளை, ஜாக்கிரதை.

இன்னும் ஒன்று. தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா ஜெகநாதனிடம் போய் உன் அம்மா ரெண்டே ரெண்டு இங்கிலீஷ் வார்த்தை கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். சோறு வடிக்கும்போதும் சொல்கிறாள், சாணி தட்டும்போதும் சொல்கிறாள். மை சன். கப்பலை விட்டு இறங்கியதும் உன் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கே எந்த வெள்ளைக்காரன் நின்றாலும் அவனிடம் அதைச் சொல்லத்தான் போகிறாள். சரியாகக்கூடச் சொல்ல வராது அவளுக்கு. அந்த நேரத்தில் நீ அவளுக்குப் பக்கத்தில் நின்று, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடடா, உனக்குப் புண்ணியமாய்ப் போகும்.

தீர்க்காயுசோடு இரு.

உன் நைனா