சத்தம் போடாத எட்டுப் பேர்

காரைக்குடி,
வியாழக்கிழமை.

அன்பு மச்சானுக்கு, உங்கள் மனைவி அனுசுயா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அத்தையும் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா?

பதினேழு நாளுக்குப் பிறகு நேற்று மாலைதான் போனில் உங்கள் முகம் நிற்காமல் அசைந்தது. இருவரும் சிரித்தே நேரத்தைக் கழித்துவிட்டோம். நடந்ததைக் கையால் சொல்லத் தொடங்கினால் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பீர்கள். அதனால் எழுதி, சனிக்கிழமை மஸ்கட் திரும்பும் சத்தியமூர்த்தி அண்ணனிடம் சீப்புச்சீடையோடு கொடுத்தனுப்புகிறேன்.

நம் வீட்டு இணைய இணைப்பின் வேகத்தைக் கம்பெனிக்காரர்கள் குறைத்ததும் உங்கள் கைகள் பாதியில் நின்றுபோயின. காது கேட்கிறவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வரும். நாம் என்ன செய்வது? எழுதி அனுப்பிக்கொண்டோம்தான். அந்த எழுத்தில் உங்கள் முகம் இல்லையே.

உங்கள் தங்கை நாகவல்லியைக் கூட்டிக்கொண்டு அவர்கள் ஆபீசுக்குப் போனேன். மேலாளர் சிவபிரகாஷ் ஒரு தாளை அச்சடித்து நீட்டினார். எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு டேட்டா என்று எல்லாம் அதில் இருந்தது. தினமும் ஐந்திலிருந்து ஏழு வரை வீட்டில் என்ன வியாபாரம் நடக்கிறது என்று கேட்டாராம். ஆகஸ்ட் இருபதில் மட்டும் நான்கு மணி நேரம். அது நாம் சண்டை போட்ட நாள். எனக்கு முகமெல்லாம் சுட்டது.

அன்லிமிடெட் என்றுதானே கொடுத்தீர்கள் என்று நாகவல்லி கேட்டாள். ஓர் அளவைத் தாண்டினால் கம்ப்யூட்டரே வேகத்தைக் குறைத்துவிடும், வாய்ஸ் காலுக்கு இது போதும் என்றாராம். "எங்க அண்ணனுக்கும் காது கேக்காது, மதினிக்கும் கேக்காது. வாய்ஸ் கால்ல என்னத்தப் பேசுவாக? நீங்களே சொல்லுங்க சார்" என்று கேட்டிருக்கிறாள். தலைமை அலுவலகத்துக்கு எழுதச் சொல்லி அனுப்பிவிட்டார். எழுதினேன். பதில் இல்லை.

திங்கட்கிழமை நம் காது கேளாதோர் சங்கத்திலிருந்து ஏழு பேர் என்னோடு அந்த ஆபீசுக்கு வந்தார்கள். சின்னக்கருப்பு அண்ணன் தேவகோட்டையிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். எல்லார் வீட்டிலும் இதே தொல்லை. கூச்சல் போட்டிருந்தால் வெளியே போகச் சொல்லியிருப்பார்கள். நாங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து மதியம்வரை கையாலேயே பேசிக்கொண்டிருந்தோம். பில் கட்ட வந்தவர்களெல்லாம் நின்று விசாரித்தார்கள். நாகவல்லி சளைக்காமல் ஒவ்வொருவருக்கும் விளக்கினாள்.

முந்தின நாள் நம் அழைப்பைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். அதை சிவபிரகாஷ் முன்னால் ஓடவிட்டு, 'இதில் என் கணவர் என்ன சொல்கிறார்?' என்று எழுதி வைத்தேன். பாதி தூக்கிய கை, அப்புறம் வெறும் கட்டம் கட்டமாக. இரண்டு முறை பார்த்தார். எழுந்து கண்ணாடி அறைக்குள் போய்ப் போனை எடுத்தார். கையை ஆட்டி ஆட்டி வெகுநேரம் பேசினார். அவர் கைக்கும் பேச வரும் என்று அன்றுதான் தெரிந்தது!

நேற்று எங்களை மறுபடி ஆபீசுக்கு வரச் சொன்னார்கள்; உத்தரவு வந்துவிட்டது. காது கேளாத வாடிக்கையாளர் யாருக்கும் இனி வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். எங்கள் எட்டு வீட்டுக்கு மட்டுமல்ல, அந்தக் கம்பெனி இணைப்பு கொடுத்திருக்கும் எல்லா ஊருக்கும்! சின்னக்கருப்பு அண்ணன் ஆபீஸ் வாசலிலேயே இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். நம் கைதட்டல் அதுதானே, எல்லாரும் ஆட்டினோம். அந்தப் பக்கம் போன பஸ்ஸிலிருந்து யாரோ பதிலுக்குக் கையாட்டினார்கள்.

இப்போது படம் நன்றாகத் தெரிகிறது. கன்னம் ஒட்டிப்போயிருப்பதும் தெரிகிறது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பொங்கலுக்கு லீவு தருவார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள்.

என்றும் உங்கள்,
அனுசுயா