கொக்கியில் அடித்த நீல பெயின்ட்

குமாரி,

நீ பூசைக்குப் போன அரைமணியில் டிரெய்லர் தொட்டி எழும்பிவிட்டது! முழு லோடு மணலோடு, முக்காமல் முனகாமல். அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தொட்டியைத் தூக்குகிற பம்பு மேல் குற்றமே இல்லை. ஜீப் பேட்டரியிலிருந்து பம்பு மோட்டாருக்குப் போகிற கரண்ட், டிரெய்லரை மாட்டுகிற கொக்கி வழியாகத்தான் திரும்பி வரவேண்டும். அந்தக் கொக்கிக்கும் சேர்த்து இரண்டு கோட் நீல பெயின்ட் அடித்த புத்திசாலி நான்தான். பெயின்ட் கரண்டை மறித்துவிட்டது. சுரண்டி எடுத்தேன். திரும்பி வர, பேட்டரிக்கே தனியாக ஒரு தடித்த வயரும் போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை சோறு போடும்போதே நீ கேட்டாய்: "பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி நல்லாத்தானே தூக்கிச்சு?"

"உனக்கு இன்னா தெரியும், போய் அடுப்பப் பாரு" என்று கத்தினேன். அன்றிலிருந்து நீ பேசவில்லை. நானும் பம்பைப் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன்.

வண்டியைக் கள்ளிக்குப்பத்தில் அதன் சொந்தக்காரர் கோதண்டத்திடம் விட்டுவிட்டு மத்தியானம் வந்துவிடுவேன். கோளாறைக் கண்டுபிடித்தது யார் என்று அவர் கேட்டால், "எங்க ஊட்டுல" என்று சொல்லப்போகிறேன்.

ஷெட் சாவி அரிசி டின் மேல் இருக்கிறது. உன் அண்ணன் பாஸ்கல் ஜாக்கி கேட்டு வந்தால் எடுத்துக் கொடு.

பிரகாசம்

பி.கு. அடுப்பை நான் பார்த்தாயிற்று. கறி வெந்ததும் இறக்கி வைத்திருக்கிறேன். உப்பு சரியா என்று நீ சொல். இந்தத் தடவை கேட்டுக்கொள்கிறேன்.