மொழிபெயர்ப்பாளர் வேலை

1986 மார்ச், செவ்வாய்

“டைப்பிஸ்டுன்னு சொல்லாதடி. சிங்களமும் தமிழும் தெரிஞ்ச மொழிபெயர்ப்பாளர்னு சொல்லு, நல்ல வேலை வரும்” என்றாள் தோழி செல்வி. அப்படியே எல்லோரிடமும் சொன்னேன். இன்று ஓர் இராணுவ முகாமிலிருந்து கூப்பிட்டார்கள், போனேன்.

இராணுவம் பிடித்துக்கொண்டு போன மகனைத் தேடி, எல்கடுவ தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர் வந்திருந்தார். அதிகாரி சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

“ஒங்க மகன் இங்க இல்லைங்கம்மா.”

“நீ நம்ம தமிழ்ப் புள்ள, நீ சொன்னா சரிதான்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிறகு உள்ளறையிலிருந்து ஓர் இளைஞன் தமிழில் தண்ணீர் கேட்டான். அதிகாரி கதவைச் சாத்திவிட்டு, திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச் சொன்னார்.

கண்ணை மூடினால் அந்தக் குரல்தான் கேட்கிறது. அவன் அந்த அம்மாவின் மகன்தானா, தெரியாது. விடிந்ததும் எல்கடுவ போய் அந்த அம்மாவிடம் சொல்லிவிடப் போகிறேன். திங்கட்கிழமையைப் பற்றி இப்போது நினைக்க முடியவில்லை.