பார்க்காமல் எழுதிய நூற்றிருபது, எண்பது

என் ஆசை அண்ணிக்கு,

கடிதம் எழுதுகிற பழக்கம் நம் இரண்டு பேருக்குமே கிடையாது. ஒரே வீட்டில் முன் அறையும் பின் அறையுமாக இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? நான் அடுப்பங்கரையிலிருந்து கத்துவேன், நீங்கள் தறிச் சத்தத்துக்கு நடுவிலிருந்து பதிலுக்குக் கத்துவீர்கள். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இனி கத்திப் பிரயோஜனம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் நன்றாக இருக்கிறார் என்று எழுத ஆசைதான். இரண்டு தறியில் ஒன்றைத்தான் ஓட்டுகிறார். நீங்கள் பார்த்துக்கொண்ட தறியின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு வைத்திருக்கிறார். அதை விற்றுவிடச் சொல்லி ஆட்கள் வந்தார்கள், முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார், போடாவிட்டால் கேட்பதில்லை. ரேவதியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், உங்கள் மகளைப் பற்றி எடுத்தவுடனே எழுத எனக்குத் தைரியம் இல்லை.

புருஷன் வேண்டாமென்று அனுப்பிவிட்ட பிறகு ஒரு பையோடு நான் இந்த ஆந்திர எல்லை ஊரான நகரிக்கு வந்து இறங்கிய நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? நாத்தனார் வந்து உட்கார்ந்தால் எந்த அண்ணிக்குத்தான் முகம் மலரும்? திட்டுவீர்கள் என்று வாசலிலேயே நின்றேன். "இன்னாத்துக்கு அங்கயே நின்னுகினு கீற? உள்ள வந்து ஒரு வாய் துன்னு, அப்பறமா அழலாம்" என்றீர்கள். அன்றிலிருந்து பதினோரு வருஷம், ஒரு நாள்கூட நான் இந்த வீட்டுக்கு வந்தவள் என்று நினைக்கும்படி நீங்கள் நடந்துகொண்டதில்லை.

இந்த சுகாதார வேலைக்கு என்னைத் தள்ளிவிட்டதும் நீங்கள்தான். "தெலுங்கு எழுதப் படிக்கத் தெரியும், வாயும் உனுக்கு ஊருக்கு மேல. போய்க் கேளேன்" என்றீர்கள். வாய்தான் கடைசியில் சோறு போட்டது. நம் தெருவும் அதை ஒட்டிய இரண்டு தெருக்களும் என் பொறுப்பு. முப்பது வயது தாண்டிய பெண்கள் எல்லோருக்கும் மாதம் ஒரு முறை பிரஷர் பார்க்க வேண்டும், சர்க்கரை பார்க்க வேண்டும், மார்பில் கட்டி உண்டா என்று தடவிப் பார்க்கச் சொல்லித்தர வேண்டும். பார்த்ததையெல்லாம் போனில் ஏற்ற வேண்டும். தெருவில் எனக்கு 'பீபீ பானு' என்று பெயர் வைத்ததும் நீங்கள்தானே!

சனிக்கிழமை சாயங்காலம் நான் பெண்களைக் கூட்டிவைத்துப் பேசுவேனே, அதை நீங்கள் 'பானு பிரசங்கம்' என்பீர்கள். நோய் வந்தபின் ஓடுவதைவிட வராமல் பார்த்துக்கொள்வது சுலபம் என்று ஆரம்பிப்பேன். உப்பைக் குறையுங்கள், ஊறுகாயைத் தள்ளி வையுங்கள், கேழ்வரகு களி சாப்பிடுங்கள், நடங்கள், பத்து நிமிஷம் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுங்கள் என்பேன். தண்ணீர் குடிக்கச் சொன்னால் தறிக்காரப் பெண்கள் சிரிப்பார்கள். குடித்தால் எங்கே போய் ஒதுங்குவது என்று கேட்பார்கள்.

நான் சொன்னதை அப்படியே செய்த ஒரே ஆள் நீங்கள். விடிந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்புவீர்கள். ராத்திரிச் சோற்றை விட்டீர்கள். முருங்கைக்கீரைக்காகப் பக்கத்துத் தெருவில் ஒரு மரத்தையே குத்தகைக்கு எடுத்தது போலக் காலி செய்தீர்கள். உடம்பு இளைத்தது, முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க அண்ணிய பாருங்க, நாப்பத்தெட்டு வயசுன்னு சொன்னா நம்புவீங்களா?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் உங்களை எழுப்பி நிற்க வைத்தேன். நீங்கள் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடுவீர்கள்.

அண்ணி, இனிமேல் எழுதப்போவதுதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது.

மாதக் கடைசியில் போனில் எல்லாப் பெயருக்கும் நேராக எண் ஏற்றியாக வேண்டும். ஊரெல்லாம் பார்த்து முடித்து வருவேன், நம் வீடு மட்டும் மிச்சம் இருக்கும். முதல் தடவை பிரஷர் கருவியை எடுத்துக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் வந்தேன். நூல் அறுந்துகொண்டே இருந்த நாள் அது. "எனுக்கு இன்னாடி, கல்லு மாதிரி கீறேன். நல்லதா ஒண்ணு எழுதிக்கோ போ" என்றீர்கள். நானும் சிரித்துக்கொண்டே போய் நூற்றிருபது, எண்பது என்று எழுதினேன். எவ்வளவு அழகான எண்! எங்களுக்குப் பயிற்சி கொடுத்த அன்றைக்கு, இப்படி இருந்தால் கவலையே இல்லை என்று சொல்லிக்கொடுத்த எண்.

அடுத்த மாதம் உங்களைக் கேட்கவே இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. வீட்டு ஆள்தானே, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒன்றரை வருஷம் அப்படியே போய்விட்டது. சந்தேகம் வரக்கூடாதென்று ஒரு மாதம் நூற்றிருபத்திரண்டு என்றுகூட மாற்றி எழுதியிருக்கிறேன்.

நீங்கள் சொல்லாமலா இருந்தீர்கள்? பின்மண்டை வலிக்கிறது என்றீர்கள். தறிச் சத்தம் என்றேன். படபடப்பாக இருக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றீர்கள். மாதவிலக்கு நிற்கிற வயசு, எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றேன். தெருவில் எந்தப் பெண் இதைச் சொன்னாலும் உடனே பட்டையைச் சுற்றிப் பார்த்திருப்பேன். உங்களுக்கு மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னேன். நீங்களும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்து, நான் சொன்னபடி பத்து நிமிஷம் மூச்சை இழுத்து விட்டீர்கள். கருவி அதே அறையில் என் பையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று காலை நீங்கள் தறியடியில் சரிந்து உட்கார்ந்தபோது, வெறும் வயிற்றில் நடந்துவிட்டு வந்த மயக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். வாய் ஒரு பக்கம் கோணியதைப் பார்த்தபிறகுதான் பையை எடுத்தேன். உங்கள் கையில் நான் பட்டையைச் சுற்றியது அதுதான் முதல் தடவை. இருநூற்றிருபது, நூற்று முப்பது. அந்த எண்ணை நான் யாரிடமும் சொல்லவில்லை.

புத்தூர் தாண்டித் திருப்பதி போய்ச் சேருவதற்குள் உங்களுக்கு நினைவு தப்பிவிட்டது. மூளைக்குள் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். "ஈமெக்கு எப்புடைனா பீபீ சூசாரா?" என்று கேட்டார். இவருக்கு எப்போதாவது பிரஷர் பார்த்ததுண்டா என்று அர்த்தம். நான் வாயைத் திறக்கும் முன்பே ரேவதி முந்திக்கொண்டாள். "மா அத்த நெல நெலா சூஸ்துந்தி சார்" என்றாள். எங்கள் அத்தை மாதாமாதம் பார்க்கிறாள் என்று, அழுகைக்கு நடுவிலும் என்னைப் பெருமையாகக் காட்டினாள். எவ்வளவு இருந்தது என்று டாக்டர் என்னைக் கேட்டார். நூற்றிருபது, எண்பது என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் உங்களை உயிரில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

நான் பார்த்துச் சொல்லி, ஒரு மாத்திரை தினமும் போட்டிருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்களா? எனக்குத் தெரியாது. இருந்திருக்கலாம். அந்த 'லாம்' என்னைத் தூங்கவிடுவதில்லை அண்ணி.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தப் பாவத்தை என் மடியிலேயே கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்திருப்பேன். ஆனால் நீங்கள் போனபிறகு தெருவே மாறிவிட்டது. ஸ்டேஷன் வரைக்கும் உங்களோடு நடந்த எட்டுப் பேரில் ஒருத்தியும் இப்போது நடப்பதில்லை. கூட்டத்துக்கு நாலு பேர் வந்தால் அதிகம். எதிர்வீட்டு சரோஜாவுக்கு நூற்றெழுபது இருந்து, கெஞ்சிக் கூத்தாடி மாத்திரைக்கு வழி செய்தேனே, அவளும் நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"கோமளாக்கா நடந்துச்சு, களி துன்னுச்சு, உப்ப கொறைச்சுச்சு. இன்னா ஆச்சு? போய்டுச்சு. உன் பேச்ச கேட்டு நாக்க கட்டிகினு இருந்து இன்னா பிரயோஜனம்? வர்றது வந்தே தீரும், இருக்கற வரைக்கும் நல்லா துன்னுட்டு போறேன்" என்றாள்.

தெரு முழுக்க இதே பேச்சு. உங்களை எழுப்பி நிற்க வைத்து நான் எதை நிரூபித்தேனோ, அதையே நீங்கள் செத்துப் பொய்யாக்கிவிட்டதாக அவர்கள் நினைக்கிறார்கள். நீங்கள் எல்லாவற்றையும் செய்தீர்கள், ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்காவிட்டால் சரோஜாவும் ஒரு நாள் சரிந்து உட்காருவாள். திறந்தால் எனக்கு இந்த வீடு இருக்காது. ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஊருக்கு மேல் இருந்த என் வாய் அப்போது எங்கே போனது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ரேவதியும் கூட்டத்துக்கு வந்தாள். ஸ்ரீசிட்டி கம்பெனியில் அன்று அவளுக்கு லீவு. சரோஜா பழையபடி ஆரம்பித்ததும் ரேவதி எனக்காகச் சண்டைக்குப் போனாள். "எங்கம்மாவுக்கு பிரஷரே கிடையாது. அத்தை மாசாமாசம் பாத்துகினுதான் இருந்தாங்க. அது விதி, அதுக்கு அத்தை இன்னா பண்ணுவாங்க?" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நான் பாக்கலம்மா" என்றேன். "ஒரு மாசம்கூட உங்கம்மாவுக்கு நான் பாக்கல. பாக்காமயே எழுதினேன்."

ரேவதி என்னையே பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். உண்மையைச் சொல்லிவிட்டோம், இனி இவர்களாவது பிழைப்பார்கள் என்று சரோஜா பக்கம் திரும்பினேன். "நடந்ததுல தப்பில்ல, களியில தப்பில்ல. பாத்து மாத்திரை போடாததுதான் தப்பு. நீ இன்னிக்கே மறுபடி ஆரம்பி சரோஜா" என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். "அப்டின்னா எனுக்கும் பாக்காமதான் எழுதினியா?" என்றாள்.

இல்லை, உனக்குப் பார்த்துத்தான் எழுதினேன், சத்தியமாகப் பார்த்தேன் என்றேன்.

"சொந்த அண்ணிக்கே பாக்காதவ எனுக்கு பாத்தியாக்கும்? அத எப்டி நான் நம்பறது, நீயே சொல்லு."

நீங்களாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டீர்கள்.

அன்றைக்கே அண்ணனிடமும் சொன்னேன். அவர் வெளியே போ என்று சொல்லவில்லை. எழுந்து போய்த் தறியைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் வைக்கிற சோற்றைச் சாப்பிடுகிறார், ஒரு வார்த்தை பேசுவதில்லை. மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரிக்கிறோம், அதுவரை வேலையைப் பார் என்றார்கள். போய் நின்றால் கதவைத் திறக்கிறவர்கள் குறைவு. திறக்கிறவர்களிடம், எண் தெரிகிற பக்கத்தை அவர்களுக்குத் திருப்பி வைத்து, நீங்களே படியுங்கள் என்கிறேன். சரோஜா இன்னும் திறக்கவில்லை. தினமும் அவள் கதவைத் தட்டிவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போகிறேன்.

ரேவதி மறுநாளே கம்பெனிக்குப் பக்கத்தில் வரதய்யபாளையத்தில் கூட வேலை செய்கிற பெண்களோடு ஒரு ரூம் பார்த்துப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் நைனாவை, அண்ணனைப் பார்க்க வருகிறாள், நான் வெளியே போயிருக்கிற நேரமாகப் பார்த்து வருகிறாள். அம்மாவுக்கு இந்த வயதில் இப்படி ஆனால் பிள்ளைகளும் பிரஷர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்த டாக்டர் சொல்லியிருந்தார். அவளும் திருப்பதிக்குத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். எண்ணை நைனாவிடம் மட்டும் போனில் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டுக்கொண்டே தறி மேல் கையை வைத்துச் சாய்ந்து நின்றதை நான் கதவோரமாகப் பார்த்தேன். நல்ல சேதிக்கு அப்படி நிற்பார்களா அண்ணி? அசதியில் நின்றாரா? கேட்டேன், தறியைப் போட்டுவிட்டார்.

முந்நூறு பெண்களின் எண் என் போனில் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்ணின் எண் எனக்குத் தெரியாது.

என்னை மன்னியுங்கள் என்று கேட்க மாட்டேன், நீங்கள் மன்னித்துவிடுவீர்கள், அதுதான் பயம். ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். கதவு திறந்தாலும் திறக்காவிட்டாலும் தட்டுவேன், என் கண்ணால் பார்க்காத எதையும் இனி எழுத மாட்டேன். முப்பது வயது ஆகாவிட்டாலும் ரேவதியின் பெயரையும் போனில் ஏற்றியிருக்கிறேன்; அதற்கு நேரே உள்ள இடத்தை, அவளாகக் கையை நீட்டுகிற நாள் வரைக்கும், அது வராமலே போனாலும், காலியாகவே வைத்திருப்பேன்.

நீங்கள் சோறு போட்டு உள்ளே சேர்த்துக்கொண்ட நாத்தனார்,
பானு