உப்பில் வளர்ந்த குடம்பி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றியதா? அம்மா கேட்டால் மழுப்புகிறீர்களாம்.

இங்கே ஸ்காபரோவில் ஒரு வேடிக்கை. என் ஆய்வுக்காக வீட்டுப் பின்வளவில், ஒரு வாளி மழைத்தண்ணீரில் நுளம்புக் குடம்பிகளை, அந்த நெளியும் புழுக்களை, வளர்த்தேன். வீட்டுக்கார றெஜினா அன்ரி கண்டுவிட்டார். "எடி பிள்ளை, கனடாவிலயும் டெங்கு வளக்கிறியே?" என்று ஊர்ப்பழக்கத்தில் உப்பை அள்ளிப் போட்டார்.

பல செத்தன. தப்பியவை தோலுரித்து வளர்ந்ததும் நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். குடம்பிக்குச் சிறுநீரகம் இல்லை. வயிற்றுக்குள் ஐந்து மெல்லிய குழாய்கள் கழிவைப் பிரிக்கின்றன. வால் நுனியில் நான்கு இதழ்கள். நல்ல தண்ணீரில் அவை நீண்டு வளர்ந்து, உடல் இழக்கும் உப்பை நீரிலிருந்து உறிஞ்சும். உப்பில் வளர்ந்தவற்றுக்கு அவை குட்டையாகவே இருந்தன. தேவையறிந்து வளரும் உறுப்பு! வெகுநேரம் கண்ணை எடுக்க முடியவில்லை.

அன்ரிக்குப் படத்தைக் காட்டினேன். "உப்பிலயும் தப்பிட்டுதுகள். கெட்டிக்காரர்தான்," என்றார்.

எங்கள் சிறுநீரகத்துக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை அப்பா. பழுதானது திரும்ப வளராது. "மிசினில கிடக்கமாட்டன்" என்று டயலிசிஸை மறுத்தீர்களாம். அந்த ஐந்து குழாய்களின் வேலையைத்தான் மிசினும் செய்கிறது. நான் வியந்து பார்ப்பதை நீங்கள் வெறுக்காதீர்கள்.

திங்கட்கிழமை டயலிசிஸுக்குப் போங்கள். போய் வந்ததும் கால்களைப் படமெடுத்து அனுப்புங்கள். முகம் வேண்டாம், முகத்தால் பொய் சொல்லிவிடுவீர்கள்.

பஸ் தரிப்பில் நின்று எழுதுகிறேன்; பஸ் வருகிறது.

யதுஷா