இடது மூலைத் தட்டு

மார்ச் 3, திங்கள்
நேற்று ஆராதனை முடிந்ததும் போதகர் எங்கள் பேக்கரி ரொட்டியைப் புகழ்ந்தார். தம்பி பல்லைக் காட்டிக்கொண்டு, "எல்லாம் என் கைவண்ணம். அக்கா சும்மா கல்லாவில உக்காந்திருப்பா" என்றான். சபையே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். கல்யாணம்கூட வேண்டாமென்று அந்த அடுப்படியில் வெந்தவள் நான்.

இன்று போதகரிடம் போய், இந்த மாதம் முழுதும் வேலையை விட்டு ஓய்ந்திருந்து ஜெபிக்கப்போவதாகச் சொன்னேன். "நல்ல தீர்மானம்மா. நிலத்துக்கே ஏழாம் வருஷம் ஓய்வு குடுத்தவர் ஆண்டவர்" என்று ஆசீர்வதித்தார். பாவம், மனுஷருக்கு ஒன்றும் தெரியாது.

மார்ச் 4
அடுப்பின் இடது மூலையில் சூடு அதிகம். அந்தத் தட்டைப் பாதி வேக்காட்டில் திருப்பி வைக்க வேண்டும். தம்பிக்கு அது தெரியாது. நானாகச் சொல்லவும் மாட்டேன். பட்டால்தான் புத்தி வரும்.

மார்ச் 5
அடுப்புக்கு நேர் மேலே, மாடியில் என் அறை. விடியுமுன் எழுந்து ஜன்னலைத் திறந்து வைத்தேன். கருகல் வாசனை. ஸ்தோத்திரம்.

மார்ச் 9, ஞாயிறு
தம்பி மனைவி படியேறி வந்தாள். "தினமும் ஒரு தட்டு கருகுது அண்ணி. அவர் பாதி உசிரா ஆயிட்டார். என்னன்னு சொல்லக்கூடாதா?"

"நான் ஓய்வுல இருக்கேம்மா. வேலைப் பேச்சே கூடாது."

சபையில் சொன்னது பொய்யென்று தம்பி வாயால் நான் கேட்க வேண்டும். அதுவரை நான் வாய் திறப்பதாயில்லை.

மார்ச் 13
போதகர் வந்தார். "கண்ணெல்லாம் சிவந்திருக்கு. ஓய்வெடுக்கிறவங்க முகமா இது?"

எப்படித் தூங்குவது? கருகுகிறதா என்று பார்க்கத் தம்பிக்கு முன்னால் எழ வேண்டியிருக்கிறதே — வேலைக்குப் போனபோதுகூட இத்தனை சீக்கிரம் எழுந்ததில்லை. எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன்.

"பழிவாங்கிறதும் வேலைதாம்மா. அது ஆண்டவரோட வேலை. நீங்கதான் லீவுல இருக்கீங்களே" என்றார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். என் தம்பி மாதிரி அவருக்கொரு தம்பி இருந்தால் தெரியும்.

மார்ச் 14
இன்றும் கருகல். நன்றாக வேண்டும்.

மார்ச் 17
முடியவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கிறேன். கோபம் தீர்ந்துவிடவில்லை, அசதிதான்.

மார்ச் 18
வெயில் முகத்தில் பட்டுத்தான் விழித்தேன். தம்பி மனைவி காபியோடு நின்றாள். விடியற்காலையில் தம்பி என் கதவுக்கு வெளியே வந்து நின்றானாம். "அக்கா, சபையில பொய் சொல்லிட்டேன்" என்று அழுதானாம். உள்ளேயிருந்து பதிலுக்கு என் குறட்டைதான் வந்ததாம்.

இதைக் கேட்கத்தானே இத்தனை நாள் கண்விழித்துக் கிடந்தேன்! தலையணையை ஒரு குத்துக் குத்தினேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னொரு தடவை வந்து சொல்லச் சொல்லட்டுமா அண்ணி?"

"ஞாயித்துக்கிழமை சபையில சொல்லட்டும். அங்கதானே ஆரம்பிச்சான்."

அவள் பாதிப் படி இறங்கியதும் கூப்பிட்டு, இடது மூலைத் தட்டைப் பாதி வேக்காட்டில் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் படுத்தேன்.